பூனைக்குக் கேட்னிப், எனக்கு ரோஜா: ஒரே தொட்டியில் வைக்கலாமா?

மடிப்பாக்கம்_மாடி
அக்டோபர் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் 14 தொட்டி ரோஜா வைத்திருக்கிறேன். ஆறு பன்னீர் ரோஜா, மூன்று ஆந்திரா ரோஸ். மீதி எல்லாம் நர்சரியில் பூவைப் பார்த்து மயங்கி வாங்கியவை, பேர் தெரியாது. வீட்டில் இரண்டு பூனை. சோமுவுக்கு 4 வயது, பட்டாணி 5 மாதக் குட்டி. பகல் முழுக்க இரண்டுக்கும் மாடிதான் வீடு.

ஜூலையில் ஒரு படம் கண்ணில் பட்டது. ரோஜாச் செடியின் காலடியில் நீலப் பூவோடு ஒரு செடி புதராகப் படர்ந்திருக்கிறது. அதில் ஒரு பூனை மல்லாந்து கிடக்கிறது. கீழே கேட்னிப், பூனையை மயக்கும் செடி என்று எழுதியிருந்தது. அன்றைக்கே ஆன்லைனில் விதை வாங்கி, ரோஜாத் தொட்டிகளிலேயே ஓரமாகத் தூவினேன். ஒரு மாதம் எதுவும் இல்லை. இப்போது மூன்று தொட்டியில் ஏதோ முளைத்திருக்கிறது, பார்க்கத் துளசி மாதிரி இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் போன வாரம் ரோஜாவுக்கு மீன் அமிலம் ஊற்றினேன். மறுநாள் காலையில் மாடிக்குப் போனால் நான்கு தொட்டியில் பாதி மண் வெளியே. ஒரு பன்னீர் ரோஜா வேரோடு சாய்ந்து கிடக்கிறது. சோமு பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து மாடியிலிருந்து இரண்டு விருந்தாளிகள் வேறு.

முளைத்திருப்பது கேட்னிப்தானா? ரோஜாவோடு அது சேர்ந்து வளருமா? சோமுவைத் தொட்டியிலிருந்து இறக்க ஏதாவது வழி இருக்கிறதா?

---

பழையபதியன்
அக்டோபர் 12, இரவு 10.15

மீன் அமிலம் ஊற்றிவிட்டுப் பூனை ஏன் தோண்டுகிறது என்று கேட்கிறீர்களே அம்மா. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு மண்ணில் ஊற்றினால் அதற்கு அது கருவாட்டுக் கடை. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகாமல், மாலையில் ஊற்றி, மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த மண் போட்டு மூடுங்கள். நானாக இருந்தால் பூனை இருக்கும் வீட்டில் அதைத் தொடவே மாட்டேன். மக்கிய தொழு உரமும் மண்புழு உரமும் போதும்.

சாய்ந்த செடியை உடனே நட்டு, கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

ஒரே தொட்டி வேண்டாம். ரோஜா பெருந்தீனிக்காரி. சோறும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், 6 மணி நேர வெயிலும் வேண்டும். 15 அங்குலத் தொட்டியில் அவள் ஒருத்திக்கே இடம் பற்றாது. இதில் ஓரமாக இன்னொன்றை வைத்தால் இரண்டும் நோஞ்சானாக நிற்கும். 22 வருடமாக ரோஜா வளர்க்கிறேன், ரோஜாத் தொட்டியில் ரோஜாவைத் தவிர எதையும் நட்டதில்லை.

---

முருங்கைக்கீற்று
அக்டோபர் 12, இரவு 10.52

அக்கா, என் கதையைக் கேளுங்கள். போன வருடம் ஒரு நர்சரியில் கேட்னிப் இருக்கிறதா என்றேன். உள்ளே போய் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். 120 ரூபாய். வீட்டில் வைத்தேன். பூனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பூத்தது. வெள்ளைப் பூ, நீள நீளமாக மீசை. பார்த்த அம்மா, "இது பூனை மீசைடா, சிறுநீர்க் கோளாறுக்குக் கஷாயம் வைப்பார்கள்" என்றார். எங்கள் பூனைக்குச் சிறுநீர்க் கோளாறு எதுவும் இல்லை.

"பூனை" என்று கேட்டால் நர்சரியில் எது வேண்டுமானாலும் வரும். பூனைக்காலி விதையைக் கொடுத்துவிடாமல் இருந்தாரே, அதுவரைக்கும் சந்தோஷம். அதன் காய்ச் சுணை மேலே பட்டிருந்தால் ஊரே சொறிந்திருக்கும்.

---

குன்னூர்ச்சரிவு
அக்டோபர் 13, காலை 6.20

மடிப்பாக்கம் அக்கா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வருத்தமாக இருக்கிறது, அது கேட்னிப் இல்லை. கேட்னிப்பும் துளசி, புதினா வகையறாதான், அதனால் தண்டு நாலு பட்டையாக இருக்கும், இலை எதிரெதிராக வரும். இதை மட்டும் வைத்து ஏமாறக் கூடாது. கேட்னிப் இலை இதய வடிவில், ஓரம் ரம்பம் போல, மேலே பூனை முடி மாதிரி சாம்பல் நிறச் சுணையோடு இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். உங்கள் இலை வழுவழுப்பாக, நீளமாக இருக்கிறது. ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்று, உங்களை மயக்கிய அந்த நீலப் பூப் படம். அதுவும் கேட்னிப் இல்லை. அது கேட்மின்ட், கேட்னிப்பின் ஒன்றுவிட்ட தங்கை. நெபெட்டா ஃபாசெனி என்பார்கள். இங்கிலாந்துத் தோட்டங்களில் ரோஜாவின் மொட்டைக் காலை மறைக்க அதைத்தான் வரிசையாக நடுவார்கள். குளிர் நாடு, நல்ல ஆழமான தரை, அதனால் அங்கே இரண்டும் சண்டை போடாது. கேட்னிப்புக்கு வெள்ளைப் பூதான், உதட்டில் ஊதாப் பொட்டு இருக்கும். அழகுக்கு அதை யாரும் வைக்க மாட்டார்கள், பூனைக்குத்தான் வைப்பார்கள்.

எங்கள் வீட்டு வேலியோரம் 6 வருடமாக இருக்கிறது. நான் ஒன்றும் செய்வதில்லை, தானே விதை விழுந்து முளைக்கிறது. ஆனால் இது குன்னூர். உங்களுக்கு ஏப்ரலில் அடிக்கும் வெயிலும், ராத்திரியிலும் இறங்காத புழுக்கமும் அதற்கு ஆகாது. முடியாது என்று சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து பங்குனி வரை அனுபவிக்கிற செடியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

---

மடிப்பாக்கம்_மாடி
அக்டோபர் 13, காலை 8.05

கசக்கிப் பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த மாதிரி. கீழ்வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இது நாய்த்துளசி. எங்க ஊரில் கொல்லை முழுக்கக் கிடக்கும்."

பூனைச் செடிக்குக் காசு கொடுத்து நாய்த்துளசி வளர்த்திருக்கிறேன்.

---

முருங்கைக்கீற்று
அக்டோபர் 13, காலை 8.11

அக்கா, காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார்.

---

ஸ்காபரோ_வளவு
அக்டோபர் 13, இரவு 7.30

கனடாவில இருந்து எழுதுகிறேன். இங்கே கேட்னிப் களை. ரோட்டோரம், ரயில் பாதையோரம் எல்லாம் நிற்கும். எங்கட பின் வளவில் ரோசாப் பாத்தி ஓரமாக நானே நட்டேன், இரண்டாம் வருசம் பாத்தியின் பாதி அதுதான். புதினா மாதிரி வேர் ஓடிப் பரவாது, ஆனால் விதை கொட்டியே பரவும். பூத்தவுடன் வெட்டிவிட வேணும்.

ரோசாவுக்கு அதனால் நன்மையும் கண்டேன், தீமையும் கண்டேன். அசுவினி குறைந்தது போலத் தெரிந்தது, அது கேட்னிப்பாலா, அந்த வருசத்துக் குளிராலா என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது. அதன் பூவுக்குத் தேனீ வந்து குவியும், அது உறுதி. தீமை என்னவென்றால் அயலட்டைப் பூனை எல்லாம் எங்கட வளவில். ஒரு கறுப்பன் ரோசா மூட்டிலேயே உருண்டு, புதுத் தளிரை எல்லாம் முறித்துப் போட்டான். இப்ப கேட்னிப்பை வேலியின் மற்றக் கரையில் வைத்திருக்கிறேன். ரோசாவுக்கும் அதுக்கும் இடையில் 15 அடி. நிம்மதி.

---

ஓசூர்_பந்தல்
அக்டோபர் 14, பகல் 1.10

நான் ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூடாரம்) ரோஜாவில் வேலை பார்க்கிறேன். எல்லாரும் இடம், தண்ணீர் என்று பேசுகிறீர்கள். முக்கியமான விஷயம் மருந்து.

ரோஜா மாதிரிப் பூச்சி பிடிக்கிற செடி கிடையாது. இலைப்பேன், செம்பேன், மாவுப்பூச்சி, அசுவினி, அப்புறம் கரும்புள்ளி, சாம்பல் நோய். வீட்டுத் தோட்டக்காரர்கள் கடையில் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது இமிடாகுளோப்ரிட். அது ஊடுருவிப் பாயும் மருந்து. மண்ணில் ஊற்றினால் வேர் வழியாக ஏறி இலை, பூ எல்லாவற்றிலும் நிற்கும். அதே தொட்டியில் கேட்னிப் இருந்தால் அதன் வேரும் அந்த மருந்தை உறிஞ்சும். அந்த இலையை உங்கள் பூனை தின்னும். ரோஜாவை யாரும் தின்பதில்லை என்று தைரியமாக அடிக்கிற மருந்து எல்லாம் இப்படித்தான் பூனை வாய்க்குப் போகும்.

ஒரே தொட்டி கூடாது என்று பதியன் ஐயா சொன்னதற்கு அவர் சொன்ன காரணத்தைவிட இது பெரிய காரணம். பக்கத்துத் தொட்டியாக இருந்தாலும் தெளிப்புச் சாரல் படும்.

---

மருந்துச்சீட்டு
அக்டோபர் 14, இரவு 9.00

கால்நடை மருத்துவன், திருச்சி. ஓசூர் நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

பூனையின் கல்லீரலுக்குச் சில பொருள்களை உடைத்து வெளியேற்றத் தெரியாது. பெர்மெத்ரின் அதில் முதலிடம். நாய்க்கு உண்ணிக்காகத் தடவுகிற சில மருந்துகளிலும் சில பூச்சி ஸ்பிரேக்களிலும் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும். மாடிச் செடிக்கு வாங்கும் டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உரத்தில் ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டாம், அதில் ரைசின் என்ற நஞ்சு இருக்கிறது. ரோஜா பூனைக்கு விஷம் இல்லை, முள் குத்தினால் சீழ் பிடிக்கலாம், அவ்வளவுதான். மாடியில் லில்லி இருந்தால் மட்டும் இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். அப்படி வந்த ஒரு பூனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

கேட்னிப் பற்றி: எல்லாப் பூனைக்கும் அது வேலை செய்யாது. மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள்தான் மயங்கும். அது பரம்பரையாக வருகிற குணம். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குட்டி கண்டுகொள்ளாது. பட்டாணிக்கு இப்போதுதான் வயது வருகிறது, பொறுத்துப் பாருங்கள். மயக்கம் 5 முதல் 15 நிமிடம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அதே செடியைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பழக்கமாகி அடிமையாகாது. நிறையத் தின்றால் வாந்தி, பேதி ஆகும்.

தொட்டி மண்ணைப் பூனை கழிப்பறையாக்கிவிட்டால் கையுறை போட்டுத்தான் கிளற வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தொட்டி வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

---

மடிப்பாக்கம்_மாடி
அக்டோபர் 15, இரவு 10.30

டாக்டர், மாடியில் ஒரு ஏசியாட்டிக் லில்லி இருந்தது. இன்று மாலை தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. அவள் வீட்டில் பூனை இல்லை. எழுதியதற்கு மிக்க நன்றி.

சரி, தனித் தொட்டி என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் ரோஜாவுக்கு என்ன அடிப்பது? செம்பேன் இருக்கிறது, இலை அடியில் செம்பொடி மாதிரி, மெல்லிய நூலாம்படை.

---

ஓசூர்_பந்தல்
அக்டோபர் 16, பகல் 12.45

செம்பேனுக்கு முதல் மருந்து தண்ணீர். காலை வேளையில் குழாயைத் தலைகீழாகப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை. மாலையில் வேண்டாம். இலை ஈரத்தோடு ராத்திரி நின்றால் கரும்புள்ளி வரும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு. அன்றைக்கு மட்டும் பூனைகளை மாடிக்கு விடாதீர்கள். கரும்புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி எடுத்துக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே போடாதீர்கள்.

---

குன்னூர்ச்சரிவு
அக்டோபர் 16, இரவு 8.15

அக்கா, எங்கள் செடி விதை கொஞ்சம் தபாலில் அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள். விதையை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு விதையுங்கள். மேலே மண் மூடாமல் இலேசாக அழுத்தினால் போதும். நன்றாக நீர் வடிகிற மண், கோகோபீட்டை (தென்னை நார்த் தூள்) குறைத்து ஆற்று மணல் கொஞ்சம் கூட்டுங்கள். உரம் வேண்டாம். ரோஜாவுக்கு நேர் எதிர், செல்லம் கொடுத்தால் கொழகொழவென்று வளர்ந்து வாசனையே இருக்காது. உங்களுக்கு மழை தொடங்கப்போகிறது, சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். மழையில் நனைந்தால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும்.

---

மடிப்பாக்கம்_மாடி
நவம்பர் 9, காலை 7.50

முளைத்துவிட்டது! பத்தாம் நாள். 19 விதையில் 11. குன்னூர்த் தோழிக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் இன்றைக்கு எழுத வந்தது வேறு விஷயம். மழை விட்ட நேரத்தில் ரோஜாத் தொட்டியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீழாநெல்லி, குப்பைமேனி, வழக்கமானவை. பிடுங்கி ஓரமாகக் குவித்தேன். சோமு வந்தான். குவியலை முகர்ந்தான். அப்புறம் ஒரு குப்பைமேனி வேரைக் கவ்விக்கொண்டு கீழே விழுந்து புரண்டான் பாருங்கள், கன்னத்தை அதில் தேய்க்கிறான், எச்சில் ஒழுகுகிறது, பின்னங்கால்களால் உதைக்கிறான். எனக்குப் பயம் வந்துவிட்டது, விஷமோ என்று. ஏழெட்டு நிமிடத்தில் எழுந்து ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டான். வீடியோவில் பாதிதான் எடுக்க முடிந்தது. இது என்ன?

---

பழையபதியன்
நவம்பர் 9, காலை 8.30

குப்பைமேனிக்கு இன்னொரு பேர் தெரியுமா அம்மா? பூனைவணங்கி. சித்த வைத்தியர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். பூனை அதன் முன்னால் விழுந்து வணங்குமாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பெரியப்பா வேரோடு பிடுங்கிக் கயிற்றில் கட்டி ஆட்டிக் காட்டுவார், தெருப் பூனை பின்னாலேயே வரும். இத்தனை நாள் நீங்கள் விதை, ஃப்ரீசர் என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு இது நினைவுக்கு வரவில்லை, வயதாகிவிட்டது.

---

முருங்கைக்கீற்று
நவம்பர் 9, காலை 8.34

ஐயா!! 120 ரூபாய் ஐயா!! எங்கள் வீட்டு வாசலில் அது ஒரு காடே இருக்கிறது.

---

மருந்துச்சீட்டு
நவம்பர் 9, இரவு 9.20

பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்னிப்பில் பூனையை மயக்குவது நெபெடாலாக்டோன் என்ற பொருள். அதற்கு நெருங்கிய உறவான ஒன்று குப்பைமேனி வேரில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம். இலையில் அந்த வேலை நடக்காது, புதிதாகப் பிடுங்கிய வேரில்தான். காய்ந்தால் போச்சு. அதனால்தான் செடி நிற்கும்போது பூனை கண்டுகொள்வதில்லை.

ஜப்பானில் இதே மாதிரி மட்டாட்டாபி என்ற கொடி உண்டு. அந்த இலையில் உருளும் பூனையின் மேல் கொசு குறைவாக உட்காருகிறது என்று இவாட்டே பல்கலைக்கழகத்தார் 2021இல் ஆய்வு வெளியிட்டார்கள். பூனை போதைக்குப் புரளுவதாக நாம் நினைக்கிறோம், அது ஒடோமாஸ் தடவிக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை. முகர்ந்து புரளட்டும், பிடுங்கிய செடியை முழுசாகத் தின்ன விடாதீர்கள். மனிதர்களுக்கும் சொல்கிறேன், ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ளவர்கள் குப்பைமேனியைக் கீரையாக, கஞ்சியாக உள்ளே சாப்பிட்டு இரத்த அணுக்கள் உடைந்து ஆபத்தான நிலைக்குப் போனதுண்டு. இலங்கையில் அப்படிப் பதிவாகியிருக்கிறது.

---

ஸ்காபரோ_வளவு
நவம்பர் 10, காலை 5.40

உண்மைதான் டாக்டர். ஊரில் எங்கட அம்மம்மா குப்பைமேனியில் கஞ்சி காய்ச்சுவா. இங்கே அந்தச் செடியைக் கண்டு 30 வருசம். கேட்னிப் காலுக்குள் மிதிபடுகிறது, குப்பைமேனியைக் காணக் கிடைக்காது. உங்களுக்கு மறுவளம்.

---

மடிப்பாக்கம்_மாடி
டிசம்பர் 6, மாலை 5.10

கேட்னிப் நாற்று நான்கு பிழைத்தது. மழையில் ஏழு போயின. நான்கையும் தனித்தனி 8 அங்குலத் தொட்டியில் மாற்றினேன். மாற்றிய அன்றே சோமு ஒன்றை அடியோடு மென்றுவிட்டான். மாற்றும்போது இலை நசுங்கிய வாசனை அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விதைத்த இடத்தில் ஒரு மாதம் இருந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீதி மூன்றின் மேல் பழைய பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துக் கல் வைத்திருக்கிறேன். ஓட்டை வழியாக வெளியே நீளும் இலை சோமுவுக்கு, உள்ளே இருப்பது செடிக்கு. இதுவரை ஒப்பந்தம் நிற்கிறது.

மழை நின்றதும் ரோஜாவைக் கவாத்து செய்தேன், சாய்வாக வெட்டி, வெட்டிய முனையில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து) தடவினேன். வெட்டிய முள் கிளைகளைக் குப்பையில் போடாமல் ரோஜாத் தொட்டி மண் மேல் பரப்பினேன். தோண்டுவது நின்றது.

---

மருந்துச்சீட்டு
டிசம்பர் 6, இரவு 8.40

முள்ளை எடுத்துவிடுங்கள். பாதத்தில் உடைந்து உள்ளே நின்ற முள்ளை நான் வருடத்துக்கு இரண்டு மூன்று எடுக்கிறேன். கூழாங்கல் பரப்புங்கள், பெரிய கல்லாக.

---

ஓசூர்_பந்தல்
டிசம்பர் 6, இரவு 9.30

வெட்டிய கிளையை வேறு காரணத்துக்காகவும் தொட்டியில் போடக் கூடாது. நோய் இருந்தால் அங்கேயே தங்கும்.

அக்கா, பேர் தெரியாத அந்த ஐந்து நர்சரிச் செடிகள் எப்படி இருக்கின்றன? வாங்கும்போது வேரில் களிமண் உருண்டை இருந்ததா?

---

மடிப்பாக்கம்_மாடி
டிசம்பர் 7, காலை 7.15

இரண்டு போய்விட்டது. மூன்று நிற்கிறது, வளரவே இல்லை. களிமண் உருண்டையா? பையைக் கிழித்து அப்படியே நட்டேனே.

---

ஓசூர்_பந்தல்
டிசம்பர் 7, பகல் 1.00

செத்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் கிரிக்கெட் பந்து மாதிரி ஒரு உருண்டை இருக்கும். லாரியில் தூரம் போவதற்காக வேரைக் களிமண்ணில் உருட்டிக் கட்டுகிறார்கள். நம் தொட்டியில் அது வெயிலில் செங்கல் ஆகிவிடும். சுற்றிலும் தண்ணீர் ஓடும், உள்ளே வேர் தாகத்தில் சாகும். அந்த மூன்றையும் எடுத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, களிமண் தானாகக் கரைந்த பிறகு நடுங்கள்.

---

பழையபதியன்
டிசம்பர் 7, இரவு 7.45

இதில் எனக்குச் சம்மதம் இல்லை. களிமண்ணை முழுசாகக் கழுவினால் வெள்ளை வேர் எல்லாம் அறுந்துவிடும். நான் உருண்டையை நாலு இடத்தில் குச்சியால் குத்தி, வெளி ஓட்டை மட்டும் உதிர்த்து நடுவேன். எனக்குப் பத்தில் எட்டு பிழைக்கும்.

---

ஓசூர்_பந்தல்
டிசம்பர் 7, இரவு 8.20

உங்கள் கோயம்புத்தூர்க் காற்றுக்கு எட்டு பிழைக்கும் ஐயா. சென்னை வெயிலுக்கு நான்குதான். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், கழுவுவதை மார்கழி, தை மாதத்தில்தான் செய்ய வேண்டும். ஏப்ரலில் செய்தால் செடி தாங்காது.

---

மடிப்பாக்கம்_மாடி
டிசம்பர் 9, காலை 9.00

பிடுங்கிப் பார்த்தேன். கிரிக்கெட் பந்தேதான். தரையில் போட்டால் டங் என்று சத்தம் வருகிறது. இரண்டு செடியை ஓசூர் முறையில் கழுவினேன், ஒன்றைப் பதியன் ஐயா முறையில் குத்தினேன். யார் ஜெயிக்கிறார்கள் என்று பொங்கலுக்குச் சொல்கிறேன்.

---

மடிப்பாக்கம்_மாடி
ஜனவரி 24, இரவு 9.10

பொங்கல் தாண்டிவிட்டது, மன்னிக்கவும். கழுவியதில் ஒன்று துளிர்த்து மொட்டு விட்டிருக்கிறது, ஒன்று போய்விட்டது. குத்தியதும் துளிர்த்திருக்கிறது. இருவரும் சமாதானமாகப் போகலாம். கழுவிய செடியின் தண்டில், ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே ஒரு கிளை வேகமாக வருகிறது. ஒரு காம்பில் ஏழு இலை. மற்றதில் எல்லாம் ஐந்துதான்.

கவாத்து செய்த பன்னீர் ரோஜா 48ஆம் நாள் பூத்தது. காலை ஏழு மணிக்கு மாடிக் கதவைத் திறந்தால் படிக்கட்டு வரை வாசனை.

கேட்னிப் ஒரு சாண் வந்துவிட்டது. சோமுவுக்குத் தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரு இலை. பட்டாணி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, டாக்டர் சொன்ன மூன்றில் ஒரு பங்கு அவள்தான் போலிருக்கிறது. ஆனால் சோமு புரளும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்க்கிறாள்.

---

பழையபதியன்
ஜனவரி 25, காலை 6.50

ஏழு இலை வருவது, வேருக்காக வைத்த அடிச்செடியின் கிளையாகத்தான் இருக்கும். இலையை எண்ணி மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஒட்டுக்குக் கீழே இருந்து வருகிறதல்லவா, அதுதான் கணக்கு. கத்தரிக்காதீர்கள், பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்கள். விட்டுவைத்தால் மேலே உள்ள நல்ல ரகத்தைத் தின்றுவிடும்.

---

மடிப்பாக்கம்_மாடி
ஏப்ரல் 21, இரவு 10.00

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே கேட்னிப்பில் இரண்டு போய்விட்டன. 50 சதவீத நிழல்வலைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். இலை ஓரம் கருகி, ஒரே வாரத்தில் தண்டு பழுப்பானது. குன்னூர்த் தோழி முதலிலேயே சொன்னதுதான். மூன்றாவதை மார்ச் கடைசியில் பாதியாக வெட்டி, சமையலறை ஜன்னலில் கிழக்குப் பக்கம் வைத்தேன், உயிரோடு இருக்கிறது. வெட்டிய தண்டுகளைத் தண்ணீரில் போட்டதில் நான்கு வேர் விட்டிருக்கின்றன. இலையை நிழலில் காயவைத்துப் பாட்டிலில் போட்டேன், முதல் பாட்டில் பூஞ்சணம் பிடித்தது, நம் ஊர் ஈரக்காற்று. இரண்டாவதில் நன்றாக மொறுமொறுவென்று காய்ந்த பிறகு போட்டிருக்கிறேன்.

கேட்னிப் இல்லாத நாளில் சோமுவுக்குக் குப்பைமேனி வேர். இப்போதெல்லாம் ஒரு தொட்டியில் களை பிடுங்குவதில்லை, அது அவனுடைய ரேஷன்.

ரோஜா 11 தொட்டி நிற்கிறது. செத்த மூன்று செடியின் தொட்டியில் ஒன்றில் சோமு தூங்குகிறான். கூழாங்கல் மேலேயே. இனி அதில் நடப்போவதில்லை.

வேர் விட்ட நான்கில் இரண்டு எனக்குப் போதும். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்ளலாம். பூனையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

---

முருங்கைக்கீற்று
ஏப்ரல் 21, இரவு 10.03

அக்கா, ஒன்று எனக்கு. 120 ரூபாய் கொண்டு வரட்டுமா?